எந்த மொழியில் கொஞ்சுவது?

இரண்டு வயது தாண்டியும் குழந்தை பேசவில்லை என்றால் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். “ஆண் பிள்ளை மெதுவாத்தான் பேசும்” என்பார் பாட்டி. “இவன் அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்” என்று சாட்சி சொல்வார் தாத்தா. நாக்கில் வசம்பு உரசித் தடவச் சொல்லி ஊரிலிருந்து போன் வரும். குடும்பம் மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ வசித்தால் கூடுதலாக இன்னொரு தீர்ப்பும் உண்டு. “வீட்டில் தமிழ், ஆயாவிடம் இந்தி, நர்சரியில் இங்கிலீஷ். குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்? ஏதாவது ஒரே மொழியில் பேசுங்கள்.” அந்த ஒரே மொழி எது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது ஆங்கிலமாகத்தான் இருக்கும்.

இதைச் சொல்பவர் நர்சரி ஆசிரியையாக இருக்கலாம். பக்கத்து பிளாட்காரராக இருக்கலாம். சில சமயம் டாக்டராகவே இருக்கலாம். மறுநாளிலிருந்து வீட்டின் நிலவரம் மாறிவிடுகிறது. தமிழில் கொஞ்சவும் கெஞ்சவும் கதை கட்டவும் தெரிந்த தாய், “கம், சிட், ஈட், நோ” என்று உத்தரவு போடத் தொடங்குகிறார். ஆங்கிலம் வராத பாட்டி வாயை மூடிக்கொள்கிறார். ஏற்கெனவே பேச்சில் பின்தங்கியிருக்கும் குழந்தை, முன்பைவிடக் குறைவாகவே பேச்சைக் கேட்கிறது. நல்லெண்ணத்தில் சொல்லப்பட்ட ஆலோசனை நேர் எதிரான பலனைத் தந்துவிடுகிறது.

பல மொழிகள் காதில் விழுவதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. இன்னும் சொல்லப்போனால், ஆராய்ச்சிகள் காட்டும் படம் வேறு மாதிரியானது.

கருவில் இருக்கும்போதே, கடைசி மாதங்களில், குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாட்களுக்குள் இருக்கும் சிசுக்கள், பிற பெண்களின் குரலைவிடத் தங்கள் தாயின் குரலையே நாடுகின்றன என்று 1980இல் அமெரிக்க உளவியலாளர்கள் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். 1984இல் கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு இந்தியர்களுக்கு இன்னும் சுவாரஸ்யமானது. அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஒலிகளில் இந்தியின் ‘த’வும் ‘ட’வும் இருந்தன. தமிழர்களின் காதுக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பெரியவர்களுக்கோ இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்த வித்தியாசத்தைச் சரியாகக் கண்டுகொண்டன. 10 முதல் 12 மாதங்களுக்குள் அந்தத் திறன் மங்கிவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு மட்டும் அது நிலைத்தது.

அதாவது, எல்லா மொழிகளுக்கும் தயாரான காதோடு பிறக்கும் குழந்தை, முதல் வருடத்துக்குள் தன்னைச் சுற்றிக் கேட்கும் மொழிகளுக்கு ஏற்பத் தன் காதைப் பழக்கிக்கொள்கிறது. சுற்றிலும் இரண்டு மொழி என்றால் இரண்டுக்கும் பழக்கிக்கொள்ளும். அது குழந்தைக்குப் பாரமல்ல. ஓசூர்ப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர்களிடம் இதைப் பெரிய விஷயமாகச் சொன்னால் சிரிப்பார்கள்.

பின் ஏன் குழப்பம் என்ற எண்ணம் வருகிறது? எண்ணும் முறையில் தவறு இருக்கிறது. இருமொழிக் குழந்தையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தோன்றும். மும்பையில் வளரும் குழந்தை ‘பால்’, ‘மம்மு’, ‘காக்கா’ ஆகியவற்றைத் தமிழிலும், ‘பானி’, ‘காடி’ ஆகியவற்றை இந்தியிலும், ‘பால்’ என்று பந்தை ஆங்கிலத்திலும் சொன்னால், அதனிடம் இருப்பது மூன்று சொற்கள் அல்ல, ஆறு. எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ணும்போது, ஒருமொழிக் குழந்தைகளுக்கு இவர்கள் இளைத்தவர்கள் அல்ல. “பால் நஹி” என்று இரண்டு மொழிகளைக் கலந்து பேசுவதும் குழப்பத்தின் அறிகுறி அல்ல. கையில் இருக்கும் சொல்லைக் கொண்டு காரியத்தை முடிக்கும் சாமர்த்தியம் அது. இரு மொழிகள் அறிவை மழுங்கடிக்கும் என்று ஒரு காலத்தில் மேலை நாட்டுக் கல்வியாளர்களே நம்பினார்கள். 1962இல் மான்ட்ரியல் நகரப் பள்ளிக் குழந்தைகளிடம் பீல், லாம்பர்ட் என்ற இருவர் நடத்திய ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தது. அதில் இருமொழிக் குழந்தைகளே அதிக மதிப்பெண் பெற்றார்கள்.

மொழிகளின் மேல் பழி போடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உண்மையான காரணம் மறைந்துபோகும்.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட பட்டியல் ஒரு நல்ல அளவுகோல். நான்கில் மூன்று குழந்தைகள் எட்டிவிடும் திறன்களை மட்டுமே அது குறிப்பிடுகிறது. 9 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும். ‘மமமம’, ‘பபபப’ என்று ஒலிக்கும். 15 மாதத்தில் ‘அம்மா’, ‘அப்பா’ தவிர ஓரிரு சொற்களைச் சொல்ல முயலும். வேண்டியதை விரலால் சுட்டும். 18 மாதத்தில் அத்தகைய சொற்கள் மூன்றாவது இருக்கும். சைகை காட்டாமல் “பந்தைக் கொடு” என்றால் கொடுக்கும். 2 வயதில் “இன்னும் பால்” என்பதுபோல இரண்டு சொற்களைச் சேர்க்கும். இரண்டரை வயதில் சுமார் 50 சொற்கள் இருக்கும். இவற்றில் ஒன்று சற்றுத் தள்ளிப்போனால் உடனே பதறத் தேவையில்லை. ஆனால் “தானா வரும்” என்று வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கவும் கூடாது. தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் பின்னர் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். யார் எட்டிப்பிடிப்பார், யார் மாட்டார் என்பதைத் தாத்தாவின் நினைவிலிருந்து சொல்ல முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது காது. பிறவியிலேயே செவித்திறன் குறைந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 1 முதல் 3 வரை இருக்கலாம் என்பது உலக அளவில் சொல்லப்படும் பொதுக் கணக்கு. “கதவைச் சாத்தினால் திரும்புகிறானே, காதுக்கு என்ன?” என்று பெற்றோர் கேட்பார்கள். கதவின் அதிர்வை உடல் உணரும். நிழலைக் கண் காணும். பெரிய சத்தங்கள் மட்டும் கேட்டு, பேச்சில் இருக்கும் ‘ச’, ‘ப’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமலும் இருக்கலாம். ஓ.ஏ.இ., பெரா என்ற இரண்டு சோதனைகள் இதைக் கண்டுபிடித்துவிடும். குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம், வலி கிடையாது. 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை அல்லது பயிற்சி என்பது மருத்துவ உலகம் வகுத்திருக்கும் கால அட்டவணை. அந்த ஆறு மாதத்துக்குக் காரணம் இருக்கிறது. 6 மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள், அதற்குப் பின் கண்டறியப்பட்டவர்களைவிட மொழித்திறனில் தெளிவாக முன்னே இருந்தார்கள் என்று 1998இல் கொலராடோவில் யோஷினாகா-இடானோவும் அவரது குழுவினரும் காட்டினார்கள்.

இந்தியாவில் இதற்கு வசதிகள் இல்லாமல் இல்லை. மைசூரில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும், மும்பை பாந்த்ராவில் 1983இல் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இந்தத் துறையில் நாட்டின் முக்கிய அரசு மையங்கள். 2013இல் அறிமுகமான தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளிடம் வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறிய மாவட்ட அளவில் மையங்கள் அமைக்கப்பட்டன. காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு, சிறு குழந்தைகளுக்கென மத்திய அரசின் உதவித் திட்டமும் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கின்றன. இவற்றில் வயது வரம்பு உண்டு. தாமதிப்பவர்கள் இழப்பது இதையும்தான்.

காது சரியாக இருந்தும் பேச்சு வரவில்லை என்றால், குழந்தை மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறது என்று கவனிக்க வேண்டும். பெயர் சொன்னால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, எதையும் விரலால் சுட்டிக் காட்டுவதில்லை என்றால் ஆட்டிசம் இருக்கிறதா என்று நிபுணரிடம் கேட்க வேண்டும். வந்த சொற்கள் எந்த வயதில் மறைந்துபோனாலும் காத்திருக்கக் கூடாது. வசம்பு இவற்றுக்கெல்லாம் மருந்தல்ல. அதைத் தேனில் குழைத்து ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தருவது ஆபத்தும்கூட. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுக்களின் குடலில் நச்சை உண்டாக்கலாம். நாக்கின் அடிச்சவ்வு இறுகியிருந்தால் ஒன்றிரண்டு ஒலிகளில் தடுமாற்றம் வரலாமே தவிர, பேச்சே வராமல் போகாது.

காதும் சரி, மற்ற வளர்ச்சியும் சரி என்றால் மீதி இருப்பது வீடு. இங்கேதான் பெற்றோரின் பங்கு தொடங்குகிறது.

2003இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரிஷியா குல் நடத்திய ஆய்வைப் பேச்சு தாமதமாகும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லலாம். 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுபவர்கள் நேரில் வந்து 12 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 25 நிமிடம், புத்தகம் காட்டியும் பொம்மை வைத்தும் விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே நேரம், ஆனால் டி.வி. திரையில். அவர்கள் கற்றது ஒன்றுமில்லை. குழந்தை திரும்பிப் பார்த்தால் திரையில் இருப்பவர் சிரிப்பதில்லை. அது கைநீட்டினால் அவர் நிறுத்துவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்கிறது. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. இன்று எத்தனையோ வீடுகளில் மொபைல் போனில் பாட்டு ஓடாமல் குழந்தை வாய் திறப்பதில்லை. சோறு இறங்கிவிடுகிறது. ஆனால் சாப்பாட்டு நேரம் என்பது சோறு இறங்குவதற்கு மட்டுமான நேரமாக இருந்ததில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் அம்புலி ஒன்று. குழந்தையோடு விளையாட வரும்படி நிலாவை அழைக்கும் பருவம் அது. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டிச் சோறூட்டிய தாய் என்ன செய்தார்? விரலால் சுட்டினார். குழந்தை விரல் போன திசையில் பார்த்தது. இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் பெயரைச் சொன்னார். ஒரு சொல் ஒரு பொருளோடு ஒட்டிக்கொள்ள இதைவிடச் சிறந்த வழியை மொழியியலாளர்களும் கண்டுபிடிக்கவில்லை. பதினோராவது மாடி பிளாட்டிலும் நிலா தெரியும். தெரியாவிட்டால் புறா தெரியும், பஸ் தெரியும்.

எவ்வளவு பேசுவது என்பதைவிட எப்படிப் பேசுவது என்பது முக்கியம். 1995இல் ஹார்ட், ரிஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், வசதியான வீட்டுக் குழந்தை 4 வயதுக்குள் ஏழைக் குழந்தையைவிட 3 கோடிச் சொற்கள் அதிகமாகக் கேட்கிறது என்று மதிப்பிட்டார்கள். வெறும் 42 குடும்பங்களை வைத்துப் போட்ட இந்தக் கணக்கு பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 2018இல் ரேச்சல் ரோமியோவும் சகாக்களும் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு விஷயத்தை வேறு பக்கம் திருப்பியது. காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவர் ஒன்று சொல்ல, குழந்தை ஒன்று சொல்ல, மாறி மாறி நடந்த உரையாடலே மூளையின் மொழிப் பகுதியின் செயல்பாட்டோடு தொடர்புகொண்டிருந்தது. குடும்பத்தின் வருமானம் எதுவானாலும் இது பொருந்தியது. பேச்சு கொடுத்து வாங்கும் சரக்கு. அதற்குப் பணம் வேண்டாம்.

ஆறு மாதக் குழந்தையிடமும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். அது ‘ங்கா’ என்றால் ‘ங்கா’ என்று பதில் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணலாம். அடுத்த ‘ங்கா’ வரும். பல பெற்றோருக்கு இந்த ஐந்து எண்ணிக்கைதான் கடினம். குழந்தை குடத்தைப் பார்ப்பதற்குள் “தண்ணியா? இந்தா” என்று டம்ளரை நீட்டிவிடுகிறார்கள். கேட்காமலே கிடைக்கும்போது குழந்தை எதற்குக் கேட்கும்?

இரண்டாவது, குழந்தை சொன்னதோடு ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பித் தருவது. “நாயி” என்றால் “ஆமா, கறுப்பு நாய்.” “நாயி போச்சி” என்றால் “ஆமா, நாய் ஓடிப் போச்சு.” தவறு தானாகத் திருந்தும், திட்டியதாகவும் இருக்காது. ராமன் ‘லாமன்’ ஆவதும் பழம் ‘பயம்’ ஆவதும் சின்னக் குழந்தையிடம் இயல்பு. ‘ர’வும் ‘ழ’வும் நாக்குக்குக் கடைசியில்தான் வசப்படும். விருந்தாளிகள் முன் நிறுத்தி “ராமன் சொல்லு, ராமன் சொல்லு” என்று பரீட்சை வைத்தால், வருகிற பேச்சும் நின்றுபோகும்.

மூன்றாவது, அன்றாட வேலைகளோடு பேச்சைச் சேர்ப்பது. குளிப்பாட்டும்போது “இப்ப கை, இப்ப கால்”, காய் நறுக்கும்போது “பெரிய பூசணி, சின்ன வெண்டைக்காய்.” அலுவலகம் போகும் பெற்றோருக்கு நேரம் கிடையாது என்பது நியாயமான புகார்தான். ஆனால் குளியலும் சாப்பாடும் தூங்கப் பண்ணுவதும் எப்படியும் நடந்தே ஆக வேண்டியவை. அந்த நேரத்தில் வாய் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆயாவிடமும் தயங்காமல் அவர் மொழியில் குழந்தையோடு நிறையப் பேசச் சொல்லலாம். மராத்தியில் பேசும் ஆயா, பேசாத ஆயாவைவிட எவ்வளவோ மேல். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவதைத் திரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2016இல் விலக்கு அளித்தது. அங்கே பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

கொஞ்சு மொழியைக் கேலி செய்பவர்கள் உண்டு. அது குழந்தையைக் கெடுக்கும் என்பவர்களும் உண்டு. ‘மம்மு’, ‘பாச்சி’, ‘உம்மாச்சி’, ‘ஜோஜோ’ என்று தமிழில் இருப்பதுபோல் பல மொழிகளிலும் குழந்தைகளுக்கென்றே சொற்கள் இருக்கின்றன. மராத்தி உட்பட ஆறு மொழிகளின் குழந்தைப் பேச்சை ஒப்பிட்டுச் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1964இல் எழுதினார். உதடு சேர்ந்து பிரியும் எளிய ஒலிகள், ஒரே அசை இரண்டு முறை, இழுத்து இழுத்து ராகம்போல் பேசும் தொனி இவையெல்லாம் குழந்தையின் கவனத்தை இழுப்பவை. இவற்றைக் கல்லூரியில் கற்க முடியாது. தன் தாயிடமும் பாட்டியிடமும் கேட்டவர்களுக்குத்தான் தானாக வரும். அதனால்தான் “ஒரே மொழியில் பேசுங்கள்” என்ற ஆலோசனை இத்தனை நஷ்டம் விளைவிக்கிறது. பெற்றோருக்கு ஆங்கிலம் உண்மையிலேயே வீட்டு மொழி என்றால் அதில் கொஞ்சட்டும். இல்லாதவர்கள் அதில் உத்தரவிட முடியும். சண்டை போட்டுச் சமாதானமாக முடியாது. கதையை நடுவில் மாற்ற முடியாது. இல்லாத பூனையை வரவழைக்க முடியாது. குழந்தைக்குத் தேவைப்படுவது அதெல்லாம்தான்.

ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். இந்தியையும் மராத்தியையும் கன்னடத்தையும் தெரு பார்த்துக்கொள்ளும். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, முடிந்தவரை 5ஆம் வகுப்பு வரையாவது தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. ஆனால் செம்பூரிலோ கரோல்பாகிலோ வளரும் தமிழ்க் குழந்தைக்குப் பெரும்பாலான நர்சரிகள் தமிழ் தரப்போவதில்லை. அது வீட்டில் கிடைத்தால்தான் உண்டு. பேசாத குழந்தையின் பெற்றோர் இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு: காதுச் சோதனைக்கு ஒரு நாள் குறிப்பது, வாயை மூடிக்கொண்ட பாட்டியைப் பழையபடி பேசச் சொல்வது. இரண்டாவதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை.